பேர் கணக்கில் ஒரு ரேடியோ: திருத்துவதா, மாற்றுவதா?

எங்கள் வீட்டு இஸ்தோப்பில், அதாவது முன் திண்ணையில், ஜன்னலை ஒட்டி ஒரு பலகைத் தட்டு இருக்கிறது. அதன் மேல் ஒரு இரட்டை கசெட் ரேடியோ. குவைத்தில் வீட்டு வேலை செய்த சித்தி 1989இல் லீவுக்கு வந்தபோது கொண்டுவந்தது. காலையில் அம்மா அடுப்பைப் பற்றவைத்ததும் முதலில் கேட்பது அதன் சத்தம்தான், அப்புறம்தான் தண்ணீர் கொதிக்கிற சத்தம். 2025 மார்ச்சில் ஒரு நாள் அது பாடவில்லை. "ம்ம்ம்" என்று ஒரு முனகல் மட்டும் வந்தது. கசெட் போட்டுப் பார்த்தால் உள்ளே ஏதோ சுற்றும் ஓசை கேட்டது, ரீல் நகரவில்லை.

அன்று ராத்திரி சாப்பாட்டு நேரத்திலேயே வீட்டில் ஆளுக்கொரு யோசனை வந்துவிட்டது. "புதுசா ஒரு புளூடூத் ஸ்பீக்கர் வாங்கிருவோம்க்கா, அதுலயே ரேடியோவும் இருக்கு" என்றான் தம்பி. ஹட்டன் டவுனில் ரேடியோ திருத்தும் பாஸிடம் கொண்டுபோகச் சொன்னார் அப்பா. அடுத்த காம்பரா (பக்கத்து வீட்டு) அண்ணன், கசெட்டைக் கழற்றி எறிந்துவிட்டு அந்த இடத்தில் பென் டிரைவ் கிட் போடச் சொன்னார். கொழும்பில் இருக்கும் மாமா போனில், ஜப்பானிலிருந்து வந்த பழைய செட் ஒன்று கடையில் நன்றாக இருக்கிறது, அனுப்பட்டுமா என்று கேட்டார். நான் தோட்டப் பாடசாலையில் விஞ்ஞானம் படிப்பிக்கிறவள். முதலில் திறந்து பார்ப்போம் என்றேன்.

ஐந்து வழிகளிலும் ஏதோ ஒரு நியாயம் இருந்தது. அவற்றைச் சீர்தூக்கிப் பார்த்ததில் நான் கண்டதை எழுதுகிறேன். இதே கேள்வி இலங்கை மலையகத்தில் எத்தனையோ வீடுகளில் இப்போதும் தட்டில் கிடக்கிறது என்று எனக்குத் தெரியும்.

முதலில் அளவுகோலைச் சரி செய்துகொள்ள வேண்டும். திருத்துகிறவர் எவ்வளவு கேட்கிறார், புதுசு என்ன விலை என்று இரண்டு எண்ணை மட்டும் பக்கத்தில் வைத்துப் பார்ப்பது டவுனில் இருப்பவர்களுக்குச் சரி. எங்களுக்கு அது பாதிக் கணக்குத்தான். பொகவந்தலாவைப் பக்கம் ஒரு தோட்டத்திலிருந்து ஹட்டனுக்குப் போவதென்றால் காலையில் பஸ்ஸைப் பிடித்து, நோர்வூட், டிக்கோயா என்று சுற்றி, கடை வாசலில் காத்திருந்து, திரும்பி வர மாலையாகிவிடும். வேலை நாளில் போனால் அன்றைக்கு ஒரு பேர் இல்லை. பேர் என்றால் ஒரு நாள் வேலைக்கு விழும் பதிவு, அதற்குரிய நாட்சம்பளம். தோட்டத் தொழிலாளியின் நாட்சம்பளம் 2021 மார்ச்சில் 1000 ரூபா ஆனது, 2024 செப்டம்பரில் அடிப்படை 1350 ரூபா ஆனது. அந்த மார்ச்சில் நான் கணக்குப் போட்டது இந்த 1350ஐ வைத்துத்தான். கொண்டுபோய்க் கொடுக்க ஒரு நாள், எடுத்துவர ஒரு நாள் என்றால், பாஸ் கையில் ஒரு சதம் கொடுக்கும் முன்பே 2700 ரூபா போய்விடுகிறது. "இன்னும் சாமான் வரல, அடுத்த கிழமை வாங்க" என்று ஒரு தடவை திருப்பி அனுப்பினால் மூன்று பேர். ஆகவே நான் ஒவ்வொரு வழியையும் ரூபாயோடு சேர்த்துப் பேரிலும் எண்ணிப் பார்த்தேன். அப்படி எண்ணும்போது சில வழிகள் சட்டென்று இடம் மாறிவிடுகின்றன.

வீட்டிலேயே திறந்து பார்ப்பதுதான் இருப்பதிலேயே மலிவு. அதற்குப் பேர் செலவே இல்லை. சுவரிலிருந்து பிளக்கைப் பிடுங்கி, பெட்டரிகளை வெளியே எடுத்து, கொஞ்ச நேரம் அப்படியே விட்டுவிட்டுத்தான் ஸ்க்ரூவில் கை வைக்க வேண்டும். எங்கள் செட்டின் முதுகில் ஆறு ஸ்க்ரூ கண்ணுக்குத் தெரிந்தது. இன்னும் இரண்டு பெட்டரிக் கூட்டுக்குள் ஒளிந்திருந்தது. அது தெரியாமல் மூடியை இழுத்தால் பிளாஸ்டிக் கொக்கி உடைந்துபோகும். கழற்றுவதற்கு முன் போனில் நாலு பக்கமும் படம் எடுத்துக்கொள்ளுங்கள். எந்த வயர் எங்கே போனது என்று பிறகு மண்டையை உடைத்துக்கொள்ள வேண்டியதில்லை.

உள்ளே முப்பத்தைந்து வருஷத் தூசி, ஒரு சிலந்திக் கூடு. கசெட் பகுதியைத் தூக்கியதும் நகராத ரீலுக்குக் காரணம் விரலிலேயே ஒட்டிக்கொண்டது. மோட்டாரையும் சக்கரத்தையும் இணைக்கும் ரப்பர் பெல்ட் உருகித் தார் போல ஆகியிருந்தது. தொட்டால் நூல் நூலாக இழுபட்டது. பழைய ரப்பர் பெல்ட்டுகளின் விதி இதுதான். பாட வைத்தாலும் வைக்காவிட்டாலும் காலத்தோடு அவை இளகிவிடும். சர்ஜிக்கல் ஸ்பிரிட்டில் பஞ்சை நனைத்துச் சக்கரங்களின் பள்ளத்தை ஒரு மணி நேரம் துடைத்தேன். துடைக்காமல் புது பெல்ட் மாட்டினால் அந்தத் தாரிலேயே அது வழுக்கும்.

பெட்டரி ஸ்பிரிங்கில் பச்சையும் நீலமுமாகப் பொருக்குக் கட்டியிருந்தது. அதைத் துடைப்பதில் ஒரு நுணுக்கம் உண்டு. அல்கலைன் பெட்டரி ஒழுகினால் வெளியே வருவது காரம், அதற்குக் கொஞ்சம் வினாகிரி தொட்டுத் துடைக்கலாம். நம் கடைகளில் அதிகம் கிடைக்கும் சாதாரணப் பெட்டரி ஒழுகினால் அது அமிலப் பக்கம், அதற்கு அப்பச்சோடாவைத் தண்ணீரில் குழைத்துத் தடவ வேண்டும். எதைப் போட்டாலும் கடைசியில் ஸ்பிரிட்டால் துடைத்து நன்றாகக் காயவிட வேண்டும். இந்தப் பனிக் காற்றில் ஈரம் கொஞ்சம் தங்கினாலும் அடுத்த மாதமே மறுபடி பூத்துவிடும். வொலியூம் திருகும்போது கரகரவென்று வந்தால் அதன் உள்ளே தூசியும் களிம்பும் ஏறியிருக்கிறது. கொண்டாக்ட் கிளீனர் என்று கேட்டால் இலெக்ட்ரிக் கடையில் ஸ்ப்ரே கிடைக்கும். தேங்காய் எண்ணெய் விடுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன், தயவுசெய்து வேண்டாம். ஒரு வாரம் சுகமாக இருக்கும், பிறகு அந்த எண்ணெயே தூசியைக் கூட்டி வைத்துக்கொள்ளும்.

ஏரியல் உடைந்த செட்டுகளையும் வீட்டிலேயே பிழைக்க வைக்கலாம். எஃப்எம் அலை 100 மெகாஹேர்ட்ஸ் பக்கத்தில் மூன்று மீட்டர் நீளம். அதில் காற்பங்கு, அதாவது 75 சென்ரிமீட்டர் வயர் ஒன்றை ஏரியல் அடியில் முறுக்கி ஜன்னல் பக்கமாக நிமிர்த்திக் கட்டினால் போதும். மலைக்குப் பின்னால் இருக்கும் லயங்களுக்கு, அதாவது தோட்டத்து வரிசை வீடுகளுக்கு, இது சின்ன விஷயமில்லை. எஃப்எம் நேர்கோட்டில் வருவது, குறுக்கே மலை நின்றால் நிழலாகிவிடும். ஒரே வீட்டில் குசினியில் கேட்காத ஸ்டேஷன் இஸ்தோப்பில் கேட்பதும் சுவரும் கூரையும் இப்படி மறைப்பதால்தான்.

ஆனால் வீட்டு வைத்தியத்துக்கு ஓர் எல்லைக்கோடு உண்டு. முனகலுக்குக் காரணத்தையும் நான் கண்ணால் கண்டேன். மின்வழங்கலுக்குப் பக்கத்தில் ஒரு சின்ன டப்பி, தலை உப்பிப்போய் நின்றது. வகுப்பில் நான் கொள்ளளவி என்று சொல்லிக்கொடுப்பதை பாஸ்மார் கண்டென்சர் என்பார்கள். சுவரில் வருவது 50 ஹேர்ட்ஸ். அது நேராக்கப்படும்போது செக்கனுக்கு 100 அலையாக மேடுபள்ளம் இருக்கும். அந்தப் பள்ளத்தை நிரப்பி மட்டமாக்குவது இந்த டப்பியின் வேலை. உள்ளே இருக்கும் திரவம் காய்ந்துவிட்டால் பள்ளம் பள்ளமாகவே நின்று, அந்த 100 ஹேர்ட்ஸ்தான் "ம்ம்ம்" என்று ஸ்பீக்கரில் வரும். கண்டது சரி, ஆனால் சொல்டர் பிடித்துப் பழகாத கையால் அதை மாற்ற நான் துணியவில்லை. ட்ரான்ஸ்ஃபோமர் உள்ள பழைய ரேடியோவிலாவது ஆபத்து கொஞ்சம் குறைவு. புதிய சார்ஜர், டீவி, எல்ஈடி விளக்கு இவற்றில் 230 வோல்ட் நேராகப் பலகைக்குள் ஏறி, உள்ளே 325 வோல்ட் நேர்மின்னாகத் தேங்கி நிற்கும். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் நிற்கும். பழைய பெட்டி டீவியின் குழாயிலோ 20,000 வோல்ட்டுக்கு மேல். அதைப் பழகாதவர்கள் திறக்கவே கூடாது.

சரி, பாஸிடம் போவோம். நான் ஞாயிற்றுக்கிழமை போனேன். சம்பளத்துக்கு அடுத்து வரும் ஞாயிறு அல்ல, அன்றைக்கு ஹட்டனில் நடக்கவே இடம் இருக்காது. அதற்கு முந்தின வாரம். ஞாயிறென்றால் பேர் செலவு பூச்சியம், பஸ் காசு மட்டும்தான். பாஸின் கடை ஒரு ஆள் உட்காரும் அகலம். பின்னால் தட்டு முழுக்க செட்டுகள், ஒவ்வொன்றின் மேலும் பிளாஸ்டரில் தோட்டத்தின் பெயர். அவர் செட்டைத் திறக்கவில்லை. பிளக்கைக் குத்தி, வொலியூமை முழுதும் குறைத்து, தலையைச் சாய்த்துக் கேட்டார்.

"சத்தத்தைக் குறைச்சும் முனகல் குறையல பாருங்க. ஃபில்டர் கண்டென்சர், டீச்சர்."

வொலியூமைத் திருகினால் மாறாத முனகல் என்றால் கோளாறு பெரும்பாலும் மின்வழங்கலில், கூடக்குறைய ஆனால் வொலியூமுக்கு முன்னால் எங்கோ. இந்த ஒரு சோதனையை வீட்டிலேயே யாரும் செய்யலாம், திறக்கத் தேவையில்லை. எங்கள் செட்டில் போட வேண்டியது 2200 மைக்ரோஃபரட், 25 வோல்ட். மைக்ரோஃபரட் அதே அளவாக இருக்க வேண்டும், வோல்ட் கூடுதலாக இருக்கலாம், குறையக் கூடாது. 105 பாகை என்று எழுதியதாகக் கேட்டு வாங்கினால் ஆயுள் கூட. பத்துப் பாகை சூடு குறைந்தால் இந்தச் சாமானின் ஆயுள் ஏறத்தாழ இரட்டிப்பாகும் என்பது பொதுவான கணக்கு. சராசரி 16 பாகையில் இருக்கும் நுவரெலியா மாதிரி ஊர்களுக்கு இது ஒரு வரம். கொழும்பில் பத்து வருஷத்தில் காய்கிற சாமான் இங்கே இன்னும் நிறைய நாள் தாங்கும். குளிர் காப்பாற்றுவதை ஈரம் கெடுக்கிறது என்பதும் உண்மை. பாஸ் சொல்டர் அயனை வைத்த இடங்களில் பாதி, இணைப்பு துருப்பிடித்து வெடித்த இடங்கள்.

கசெட் பகுதியில்தான் அவருடைய அனுபவம் தெரிந்தது. பெல்ட் அவரிடம் இருந்தது. ஆனால் நாங்கள் தினமும் பாடவைத்த இடது டெக்கில் ஒரு பற்சக்கரம் பல் உடைந்திருந்தது. அந்தச் சாமான் இனிக் கடையில் கிடைக்காது.

"ரெண்டையும் காப்பாத்த முடியாது டீச்சர். ஒன்னோட சாமான எடுத்து மத்ததுக்குப் போடுவோம். வலது டெக்கு நல்லா ஓடும். இடது பக்கம் காலியாக் கெடக்கும். வேணும்னா அந்த வாய்க்குள்ள கிட்ட வச்சிரலாம்."

அடுத்த காம்பரா அண்ணன் சொன்ன கிட் இதுதான். யூஎஸ்பி, மெமரி கார்ட், புளூடூத், எஃப்எம் எல்லாம் சேர்ந்த ஒரு சின்னப் பலகை. கசெட் போடும் வாயில் அளவாக உட்காரும். பழைய செட்டின் அம்ப்ளிஃபயரும் ஸ்பீக்கரும் அப்படியே இருக்கும், பாட்டு வரும் வழி மட்டும் மாறும். இது கெட்டிக்கார யோசனை. அந்தக் காலத்து செட்டுகளில் மரப் பெட்டியிலோ கனமான பிளாஸ்டிக்கிலோ இருக்கும் பெரிய ஸ்பீக்கரின் சத்தத்தைத் தம்பி காட்டிய உள்ளங்கை அளவு ஸ்பீக்கரால் தர முடியாது. அதை வீணாக்காமல் இந்தக் காலத்துப் பாட்டைக் கேட்க இதைவிட மலிவான வழி இல்லை.

ஆனால் கிட் போட்டதும் பழைய ரேடியோவைப் பிடுங்கிவிடுகிற பழக்கம் சில கடைகளில் இருக்கிறது. அதற்கு மட்டும் சம்மதிக்காதீர்கள். கிட்டில் இருக்கும் எஃப்எம் ஒரு சின்னச் சில்லு, ஏரியலுக்குத் தொங்குவது ஒரு துண்டு வயர். மேட்டில் பிடிக்கும், பள்ளத்து லயத்தில் இரைச்சல்தான். பழைய செட்டின் ட்யூனர் மெல்லிய சிக்னலையும் பிடித்து நிறுத்தும். மத்திய அலை கிட்டில் இல்லவே இல்லை. எஃப்எம் போல நேர்கோட்டில் மட்டும் போகாமல் நிலத்தை ஒட்டியும் தூரம் போகக்கூடியது மத்திய அலை. இலங்கை வானொலியைத் தமிழ்நாடு முழுவதும் கேட்டார்கள் என்று தாத்தாமார் சொல்வது அந்த அலைகளின் காலத்தைத்தான். அப்புறம் கிட்டுக்குக் கரண்ட் எடுக்கும் இடமும் முக்கியம். செட்டின் 12 வோல்ட்டில் நேராகக் கொடுத்தால் சில கிட்டுகள் எரிந்துபோகும். 5 வோல்ட்டுக்கு இறக்கிக் கொடுக்கிறாரா என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

மாமா சொன்ன ஜப்பான் செட்டைப் பற்றிக் கொஞ்சம் அழுத்திச் சொல்ல வேண்டும், ஏனென்றால் இதில் ஏமாறுகிறவர்கள் அதிகம். பார்க்க அவ்வளவு அழகாக இருக்கும், தயாரிப்பும் உறுதி. ஆனால் ஜப்பானில் வீட்டுக் கரண்ட் 100 வோல்ட். அங்கே விற்பதற்காகச் செய்த செட்டை இங்கே 230 வோல்ட்டில் குத்தினால் ஒரு கணம்தான், புகை வரும். 100 வோல்ட்டுக்கு இறக்கும் ட்ரான்ஸ்ஃபோமர் ஒன்றையும் சேர்த்து வாங்க வேண்டும். அது சரி என்று வைத்துக்கொண்டாலும் இன்னொரு சிக்கல் கடையில் தெரியாது, வீட்டுக்கு வந்துதான் தெரியும். ஜப்பானின் பழைய ரேடியோக்களில் எஃப்எம் 76இலிருந்து 90 மெகாஹேர்ட்ஸ் வரைதான். நம் நாட்டில் எஃப்எம் 87.5இலிருந்து 108 வரை. சூரியன், சக்தி, தென்றல் போன்ற தமிழ் ஸ்டேஷன்களைக் கேட்க ஆசைப்படுகிறவருக்கு 90க்கு மேல் முள் போகவே போகாது. டயலில் எழுதியிருக்கும் எண்ணைப் படித்துவிட்டுக் காசை எடுங்கள். மாமாவிடம் டயலைப் படம் எடுத்து அனுப்பச் சொன்னேன். 76 என்று தொடங்கியது. விலை 12,000 ரூபா, ட்ரான்ஸ்ஃபோமர் தனி. பேர் கணக்கில் ஒன்பது பேர், அதுவும் அம்மா கேட்கும் ஸ்டேஷன் வராத ஒரு பெட்டிக்கு.

தம்பியின் புளூடூத் ஸ்பீக்கரை நான் தள்ளிவிடவில்லை. அவன் பார்த்து வைத்தது 4500 ரூபா, மூன்று பேருக்குக் கொஞ்சம் கூட. அவன் நண்பர்களோடு மேட்டில் உட்கார்ந்து பாட்டுக் கேட்க அது போதும். அம்மாவுக்குத்தான் சரிவராது. இருட்டில் எழும்பி, ஈரக் கையோடு, ஒரே பட்டனை நீளமாக அமுக்கினால் ஒன்று, சட்டென்று அமுக்கினால் இன்னொன்று என்பது அவருக்குத் தொல்லை. பழைய செட்டில் முள் நேற்று நின்ற இடத்திலேயே இன்றும் நிற்கும். அத்தோடு அந்த ஸ்பீக்கருக்குள் இருக்கும் லித்தியம் பெட்டரி சில வருஷத்தில் சோர்ந்துவிடும். சில மொடல்களில் பெட்டரியை மாற்ற முடியும், பலவற்றில் பெட்டியே ஒட்டிப் பூட்டியிருக்கும். வாங்கும்போது அடியில் ஸ்க்ரூ இருக்கிறதா என்று பாருங்கள். ஸ்க்ரூ இருந்தால் திருத்தலாம் என்று ஒரு நம்பிக்கை உண்டு. போனிலேயே கேட்கலாமே என்பவர்களுக்கும் இதுதான் பதில். பல புதிய போன்களில் எஃப்எம் இல்லை, இருந்தாலும் இயர்போனைக் குத்தினால்தான் அதுவே ஏரியலாகி வேலை செய்யும். இல்லாவிட்டால் டேட்டா செலவு.

புதிது வாங்குவதில் கரண்டை நம்பியிருப்பதும் ஒரு கேள்வி. 2022 மார்ச் கடைசியில் நாளுக்கு 13 மணி நேரம் வரை கரண்ட் வெட்டியதை யாரும் மறந்திருக்க மாட்டோம். அந்த வருஷம் ஒரு டொலர் 200 ரூபாயிலிருந்து 360 வரை போனதில் கடையில் இருந்த எல்லாச் சாமானும் எட்டாத உயரத்துக்குப் போய்விட்டது. அப்போதுதான் பாஸ்மாரின் தட்டுகள் மறுபடி நிறைந்தன.

நான் முடிவெடுத்தது பாஸ் சொன்ன வழியை. கண்டென்சர், பெல்ட், டெக்குச் சாமான் மாற்றிய கூலி எல்லாம் சேர்த்து 1800 ரூபா. கிட்டுக்கும் அதைப் பூட்டுவதற்கும் 1400. ஆக 3200, இரண்டரைப் பேருக்கும் குறைவு. இரண்டு ஞாயிறு போனேன், ஒரு பேரும் உடையவில்லை. பழைய ட்யூனர் அப்படியே இருக்கிறது, வலது டெக்கில் சித்தி குவைத்திலிருந்து பேசிப் பதிந்து அனுப்பிய கசெட் ஓடுகிறது, இடது வாயில் தம்பியின் பென் டிரைவ்.

அதே வருஷம் நவம்பர் கடைசியில் டித்வா புயல் வந்தது. மலை சரிந்து, பாதை அறுந்து, எங்கள் பக்கத்தில் கரண்டும் போன் சிக்னலும் போயிருந்த நாட்களில் அந்த செட்டின் முதுகில் எட்டுப் பெரிய பெட்டரியைப் போட்டோம். மார்ச்சில் நான் துடைத்த ஸ்பிரிங்தான். லயத்தில் உள்ளவர்கள் இஸ்தோப்பில் வந்து நின்று செய்தி கேட்டார்கள். எந்தப் பக்கம் மண்சரிவு எச்சரிக்கை, எந்தப் பாதை மூடியிருக்கிறது என்று அறிவிப்பாளர் சொல்லச் சொல்ல ஒருவர் கொப்பித் தாளில் எழுதிக்கொண்டார். பெட்டரியில் ஓடும் ஒரு ரேடியோ ஒவ்வொரு லயத்திலும் ஒன்றாவது உயிரோடு இருக்க வேண்டும் என்று அதற்குப் பிறகு நான் எல்லோரிடமும் சொல்கிறேன். வேறு எதைத் தூக்கிப் போட்டாலும் அதைப் போடாதீர்கள்.

இந்தக் கணக்கு எல்லாச் சாமானுக்கும் ஒரே விடை தராது. எங்கள் வீட்டுப் பழைய பெட்டி டீவியை நான் விட்டுவிடச் சொன்னேன். 21 அங்குலப் பெட்டி டீவி ஏறத்தாழ 70, 80 வொட் இழுக்கும். 24 அங்குல எல்ஈடி அதில் பாதிகூட எடுக்காது. குழாய் மங்கிவிட்டால் மாற்றுச் சாமானே கிடையாது. பட்டனை அமுக்கினால் சில நேரம் வருகிறது, ஒரு தட்டுத் தட்டினால் வருகிறது என்றால் மட்டும் ஒரு முறை பாஸிடம் காட்டலாம், அது பெரும்பாலும் சொல்டர் விட்ட இடம். படம் ஒரு கோடாக ஒடுங்கியோ நிறமே போயோ நின்றால் இரண்டு பயணத்துக்கு அது தகுதியில்லை. எல்ஈடி டீவியைப் பொறுத்தவரை, சத்தம் கேட்கிறது, டோர்ச் அடித்துப் பார்த்தால் மங்கலாகப் படமும் தெரிகிறது என்றால் பின்விளக்குப் பட்டிதான் போயிருக்கிறது, அதை மாற்றலாம். திரை வெடித்திருந்தால் விட்டுவிடுங்கள்.

விட்டுவிடும்போது ஒரு வேண்டுகோள். செம்புக் கம்பிக்காகப் பெட்டி டீவியின் குழாயை உடைத்துக் கண்ணாடியைத் தண்ணீர் ஓடும் கானில் எறிவதை எங்கள் தோட்டத்திலேயே பார்த்தேன். அந்தக் கண்ணாடிக்குள் ஈயம் இருக்கிறது. எங்கள் கான்களின் தண்ணீர் கெசல்கமு ஓயாவில் விழுந்து காசல்ரீ நீர்த்தேக்கத்துக்குப் போகிறது, அங்கிருந்து களனி ஆறாகிக் கொழும்பு வரை போகிறது. உடைக்காமல் முழுதாகவே பழைய இலெக்ட்ரிக் சாமான் சேர்ப்பவர்களிடம் கொடுங்கள். கொடுக்க வழியில்லாவிட்டால் மழை படாத மூலையில் வைத்திருங்கள்.

ரைஸ் குக்கர் இதற்கு நேர்மாறு, திருத்தத் தயங்கவே வேண்டாம். உள்ளே இருப்பது ஒரு சூட்டுத் தகடு, ஒரு காந்த சுவிட்ச், ஒரு வெப்ப ஃபியூஸ். தண்ணீர் இருக்கும் வரை சட்டி 100 பாகையைத் தாண்டாது. தண்ணீர் வற்றியதும் சூடு ஏறி, காந்தம் பிடிப்பை விட்டு சுவிட்ச் விழும். அவ்வளவுதான் அதன் மூளை. திடீரென்று விளக்கே எரியாமல் நின்றால் பல நேரம் அந்த ஃபியூஸ்தான், விலையும் சொற்பம். ஆனால் ஃபியூஸுக்குப் பதிலாக ஒரு வயர்த் துண்டை முறுக்கிக் கொடுக்கிறவர்கள் இருக்கிறார்கள். அப்படிச் செய்த குக்கரை வீட்டுக்குள் விடாதீர்கள். லயத்தில் ஒரு வீடு பற்றினால் ஒரு வீட்டோடு நிற்காது, கூரை ஒன்றுதான்.

திருத்திய சாமானைக் காப்பதற்கு இங்கே மிகப் பெரிய எதிரி இடி. மார்ச், ஏப்ரலிலும் ஒக்டோபர், நவம்பரிலும் பின்னேர மழையோடு அது வரும். பிளக்கைப் பிடுங்குகிற நாம் டீவியின் ஏரியல் வயரையும் டிஷ் வயரையும் மறந்துவிடுகிறோம். மின்னல் அந்த வழியாகவும் உள்ளே வருகிறது. சுவிட்சை ஓஃப் பண்ணினால் போதாது, இரண்டு வயரும் கையில் கழன்று வர வேண்டும்.

பாஸிடம் போகும்போது செட்டோடு அதன் கரண்ட் வயரையும் கொண்டுபோங்கள். சில நேரம் கோளாறு அந்த வயரில்தான் இருக்கும், அது இல்லாமல் போனால் ஒரு பயணம் வீண். எப்போது நின்றது, நிற்பதற்கு முன் இடி விழுந்ததா, சத்தம் குறைந்ததா, நாற்றம் வந்ததா என்று ஒரு தாளில் எழுதிப் பெட்டியில் ஒட்டிவிடுங்கள். கொண்டுபோய்க் கொடுப்பது நீங்களாக இல்லாமல் பக்கத்து வீட்டுப் பையனாக இருந்தாலும் அந்தத் தாள் பேசும். பாஸின் போன் நம்பரை வாங்கிக்கொண்டு, முடிந்துவிட்டது என்று அவர் சொன்ன பிறகு மட்டும் பஸ் ஏறுங்கள். கழற்றிய பழைய சாமானையும் கேட்டு வாங்கி வாருங்கள். எங்கள் செட்டின் உப்பிய கண்டென்சர் இப்போது என் மேசை இழுப்பறையில் இருக்கிறது, கொள்ளளவி பாடம் நடத்தும்போது அதைப் பிள்ளைகள் கையில் கொடுப்பேன்.